இரண்டு மலைகளும் ஒரு தோல் நிறப் பென்சிலும்



ஆசிரிய நண்பர்களே, பெற்றோரே! ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நான்காம் ஆண்டில் பயிலும் பத்துப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "ஓர் இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம். அரை மணி நேரம் கழித்துத் தாள்களைத் திரும்ப வாங்கினால், ஏழெட்டுத் தாள்களிலாவது இரண்டு மலைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே பாதி எழுந்த சூரியன் இருக்கும். மலையடியிலிருந்து ஓர் ஆறு வளைந்து வரும். ஒரு பக்கம் கட்டம் கட்டமாக நெல்வயல், மறுபக்கம் சாய்ந்த தென்னை, அதன் கீழ் ஒரு குடிசை, வானத்தில் நான்கைந்து வளைகோடுகளாய்ப் பறவைகள். படம் முடிந்தது.

நான் கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் படத்தைப் பார்த்து வருகிறேன். கிள்ளான் கடலோரச் சமவெளி. இங்குள்ள பிள்ளைகள் நெல்வயலைக் காண வேண்டுமானால் சிக்கிஞ்சான் வரை போக வேண்டும். அவர்கள் குடியிருப்பதோ அடுக்குமாடி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும். அவர்கள் நாள்தோறும் காண்பவை கொமுட்டர் இரயில், துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் கனவுந்துகள், தெங்கு கிளானா சாலையின் பூமாலைக் கடைகள், ஆற்றின்மேல் இரண்டு அடுக்காக நிற்கும் கோத்தா பாலம். இவற்றில் ஒன்றுகூட அவர்கள் தாளில் இல்லை. தாங்கள் ஒருநாளும் கண்டிராத ஓர் ஊரை எல்லாரும் ஒன்றுபோல் வரைகிறார்கள்!

இஃது ஒரு வேடிக்கையான செய்தியாகத் தோன்றலாம். எனக்கு இது கவலை தரும் செய்தி. ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இந்தப் படம் எங்கிருந்து வருகிறது?

பிள்ளைகள் இதைப் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. அண்ணன் வரைந்ததைத் தம்பி பார்க்கிறான். பக்கத்து மேசைத் தோழி வரைந்ததை இவள் பார்க்கிறாள். சில வகுப்புகளில் கரும்பலகையிலேயே இந்தப் படம் வரையப்பட்டு, "இதைப் பார்த்து வரையுங்கள்" என்று சொல்லப்படுகிறது. வரைந்து முடித்ததும் "அழகாக இருக்கிறது" என்ற பாராட்டும் கிடைக்கிறது. பிள்ளை மிக விரைவாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: கணக்குக்கு ஒரு சரியான விடை இருப்பது போல, ஓவியத்துக்கும் ஒரு சரியான விடை இருக்கிறது, அந்த விடை இரண்டு மலைகள்.

வண்ணம் தீட்டும் போட்டிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பேரங்காடி, கோயில் மண்டபம், குடியிருப்பு விழா என்று எங்கே பார்த்தாலும் இந்தப் போட்டி. படம் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளை கோட்டைத் தாண்டாமல் வண்ணம் நிரப்ப வேண்டும். இதற்கென்று தனி வகுப்புகளும் உண்டு. அடர்நீலத்திலிருந்து வெளிர்நீலத்துக்கு எப்படி இறங்குவது, மெழுகு வண்ணத்தை எந்த விரலால் தேய்ப்பது என்று கற்பிக்கிறார்கள். கை பழகும், பொறுமை வளரும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே பிள்ளை எதையும் பார்ப்பதில்லை. எதையும் தானாக முடிவு செய்வதுமில்லை. என்ன வரைவது, எங்கே வரைவது, எவ்வளவு பெரிதாக வரைவது என்ற கேள்விகள் அனைத்துக்கும் வேறொருவர் விடை சொல்லிவிட்டார்.

இதன் விளைவை ஆசிரியர்கள் நான்காம், ஐந்தாம் ஆண்டில் காண்கிறோம். "டீச்சர், எனக்கு வரைய வராது" என்ற சொல் அப்போதுதான் பிள்ளைகளின் வாயில் வருகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளை எவரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. யானை வரையச் சொன்னால் யானை, விண்வெளி ஓடம் வரையச் சொன்னால் விண்வெளி ஓடம்! மூன்று ஆண்டுகளுக்குள் அந்தத் துணிவு எங்கே போகிறது?

பிள்ளையின் வயதும் கோடும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கலைக்கல்வியும் ஒரு பாடமாக இருந்தது. அக்காலத் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் அதற்கு நான்கு துறைகள்: படம் உருவாக்குதல், கோலமும் வடிவமைப்பும் செய்தல், உருவமைத்தலும் கட்டுதலும், பாரம்பரியக் கைவினையை அறிதல். அங்கே படித்தவற்றுள் இன்றுவரை எனக்குப் பயன்பட்டு வருவது விக்டர் லோவன்ஃபெல்டின் வளர்ச்சிப் படிநிலைகள்தாம்.

லோவன்ஃபெல்டு ஆஸ்திரியாவைச் சேர்ந்தவர். வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண்ணால் உருவம் செய்யக் கற்பித்தவர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்காவுக்குச் சென்று, 1947-இல் குழந்தைகளின் படைப்பாற்றலும் மனவளர்ச்சியும் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இரண்டு வயதில் கிறுக்கல் தொடங்குகிறது என்றும், நான்கு வயதளவில் அந்தக் கிறுக்கல் உருவமாகிறது என்றும் அவர் காட்டினார். ஏழு முதல் ஒன்பது வயது வரை பிள்ளை தனக்கென்று ஒரு வடிவ முறையை வைத்துக்கொள்கிறது.

நம் இரண்டாம் ஆண்டு மாணாக்கரின் தாளைப் பாருங்கள். கீழே பச்சையாக ஒரு கோடு, அது நிலம். மேலே நீலமாக ஒரு பட்டை, அது வானம். இரண்டுக்கும் நடுவே வெறும் வெள்ளை. "வானம் இங்கே வரைக்கும் வருமே, ஏன் விட்டுவிட்டாய்?" என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டாம். அந்த வயதில் வானம் மேலேதான் இருக்கிறது. நடுவில் இருப்பது காற்று. பேருந்தின் பக்கத்தை வரைந்து, உள்ளே அமர்ந்திருப்பவர்களின் கால்களையும் சேர்த்து வரைவார்கள். கண்ணுக்குத் தெரிவதோடு தாங்கள் அறிந்ததையும் சேர்த்து வரைகிறார்கள். இவை பிழைகள் என்று எண்ணிச் சிவப்பு மையால் திருத்த வேண்டியவை அல்ல.

சிக்கல் ஒன்பது வயதுக்குப் பிறகுதான் வருகிறது. அப்போது பிள்ளை தன் படத்தை உண்மைப் பொருளோடு ஒப்பிடத் தொடங்குகிறது. "இது நாய் மாதிரி இல்லையே" என்று தானே சொல்கிறது. நண்பர்கள் சிரிப்பார்களோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இந்த நேரத்தில் பிள்ளைக்குத் தேவை, பார்த்துப் பழகும் பயிற்சி. அது கிடைக்காவிட்டால் பிள்ளை பாதுகாப்பான இடத்துக்கு ஓடிவிடும். இரண்டு மலைகளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் அல்லவா? லோவன்ஃபெல்டு வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கடுமையாக எதிர்த்ததற்கும் இதுவே காரணம். அச்சிட்ட படத்தைக் கண்ட பிள்ளை, தன் கோடு அதுபோல் இல்லையே என்று தன் கோட்டின்மேல் நம்பிக்கை இழக்கிறது.

கோலாலம்பூரில் ஒரு கொசுவலை

இவையெல்லாம் வெளிநாட்டுப் பேச்சு, நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1951-இல் பீட்டர் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் கலைக்கல்வியைக் கவனிக்கும் அதிகாரியாக மலாயாவுக்கு வந்தார். மறு ஆண்டு, 1952-இல், கோலாலம்பூரில் 'புதன்கிழமை ஓவியக் குழு' என்ற ஒன்றைத் தொடங்கினார். இப்படித்தான் வரைய வேண்டும் என்ற வாய்பாடு எதையும் அவர் அங்கே திணிக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கண்ணாலும் மனத்தாலும் கண்டதை வரையட்டும் என்பதே அவர் வழி. அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் பேட்ரிக் இங் கா ஓன். அவர் விக்டோரியா கல்விக்கழகத்தில் ஓவியம் கற்பித்தார். அவரிடம் பயின்ற பள்ளி மாணவர் ஒருவர் பின்னாளில் நாடறிந்த ஓவியரானார். அவர் பெயர் ஜுல்கிஃப்ளி புயோங், 1948-இல் கோலாலம்பூரில் பிறந்தவர்.

அந்த மாணவர் மலைகளைத் தேடிப் போகவில்லை. தன் வீட்டுப் பிள்ளைகளையும், அவர்களின் விளையாட்டையும் வண்ணச் சுண்ணக்கோலால் வரைந்தார். 1964-இல், ஏறத்தாழப் பதினாறு வயதில், அவர் வரைந்த ஓர் ஓவியத்தின் பெயர் 'கெலாம்பு', அதாவது கொசுவலை. கொசுவலையும் பிள்ளைகளுந்தான் அதில் உள்ளன. நம் பாட்டி வீடுகளில் கொசுவலை இல்லாமல் இருந்ததா? அதற்குள் புகுந்து விளையாடாத பிள்ளை அக்காலத்தில் இருந்ததா? எல்லாரும் கண்டதுதான், ஆனால் இதுவும் படமாகலாம் என்று அந்த மாணவருக்குத் தோன்றியது. அவ்வாறு தோன்ற இடம் கொடுத்த ஆசிரியரும் அவருக்கு வாய்த்தார். இன்று அந்த ஓவியம் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் இருக்கிறது.

நம் வகுப்பில் உள்ள எல்லாரும் ஓவியர் ஆகப்போவதில்லை. அது நம் நோக்கமும் இல்லை. தன் வீடும் தன் தெருவும் தன் பாட்டியும் வரையத் தகுந்தவை என்று ஒரு பிள்ளை நம்பினால் அதுவே போதும்.

என் வகுப்பில் செய்பவை

சில பயிற்சிகளை இங்கே தருகிறேன். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

முதலாவது, சமையலறைப் பொருளைப் பார்த்து வரைதல். இடியப்ப உரல், தேங்காய்த் துருவி, அம்மிக் குழவி, சோற்றுக் கரண்டி என ஏதேனும் ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடக்கூடாது. கண்ணால் பார்க்கலாம், கையால் தடவலாம், திருப்பிப் பார்க்கலாம். பிறகு ஒவ்வொருவரும் இதுவரை தாம் கவனிக்காத ஒன்றைத் தமிழில் சொல்ல வேண்டும். "துருவியின் பல் எல்லாம் ஒரே அளவில் இல்லை", "கரண்டிக் காம்பு நடுவில் கொஞ்சம் வளைந்திருக்கிறது" என்று சொல்வார்கள். அதன்பிறகே வரைதல். இந்தப் பயிற்சியால் மொழிப்பாடமும் வளர்கிறது. வருணனைக் கட்டுரை எழுதத் திணறும் மாணாக்கர் பலருக்குச் சொற்பஞ்சத்தைவிடப் பார்க்காத பழக்கமே பெருந்தடை.

இரண்டாவது, கோலம். தீபாவளி வந்தால் நம் வட்டாரப் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் பெரிய கோலங்கள் போடுகிறார்கள். பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். ஆனால் புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நான் கட்டத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லி, நேர்ப்புள்ளிக்கும் ஊடுபுள்ளிக்கும் வேறுபாடு காட்டுகிறேன். பின்னர், கையை எடுக்காமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் சிக்குக் கோலம். பிள்ளைகள் திணறுவார்கள், அழிப்பார்கள், மீண்டும் முயல்வார்கள். "கணக்கு நேரத்தில் ஏன் கோலம்?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி: சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். நம் பாட்டிமார் வாசலில் போட்டது, ஆய்விதழில் இடம்பெற்றது!

மூன்றாவது, மண். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். 1881-இல் கோலாலம்பூரில் பெருந்தீயும் வெள்ளமும் ஏற்பட்டன. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகள் அழிந்தன. இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று முடிவானது. அதற்குச் செங்கல் அறுத்துச் சுட்ட களமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி இரயில் ஓடத் தொடங்கியது. அந்த இரயில் வேலையோடு நம் முன்னோர் பலர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார்கள். இதைச் சொல்லிவிட்டுக் கையில் ஓர் உருண்டைக் களிமண்ணைக் கொடுத்தால், பிள்ளைகள் அதைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

அந்தக் களிமண்ணில் ஒரு சிறு பொங்கல் பானை செய்கிறோம். திரிகை வேண்டியதில்லை. மண்ணைக் கயிறு போல உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உட்புறம் விரலால் வழித்துவிட்டால் பானை எழும்பிவிடும். வளையங்களுக்கு நடுவே கீறிவிட்டு, நீரில் குழைத்த மண்ணைப் பூச வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது பிளந்துவிடும். வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும். கோலா சிலாங்கூர்ப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பானை வனையும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. தைப்பொங்கலுக்கு முன் நம் கடைகளில் அடுக்கி வைக்கப்படும் பானைகளைக் காட்டி, இவற்றையும் ஒருவர் கையால்தான் செய்தார் என்று சொல்லுங்கள். ஒரு வளையம் அடுக்கிப் பார்த்த பிள்ளைக்கு அதன் அருமை தெரியும்.

தோல் நிறம்

இனி, நான் மிகவும் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு மாணாக்கருக்கு 'என் குடும்பம்' என்ற தலைப்பைக் கொடுத்திருந்தேன். வகுப்பில் வழக்கமான சலசலப்பு. "டீச்சர், தோல் கலர் யாருகிட்ட இருக்கு?", "தோல் கலர் கொடு, நான் இன்னும் அடிக்கல" என்று ஒரு பென்சில் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். அதைத்தான் நம் பிள்ளைகள் 'தோல் கலர்' என்கிறார்கள். வகுப்பில் இருந்த எந்தப் பிள்ளையின் தோலும் அந்த நிறத்தில் இல்லை. என் தோலும் இல்லை.

ஒரு மாணவியின் படத்தில் அப்பா, அம்மா, தம்பி மூவரும் அந்த இளஞ்சிவப்பில் இருந்தார்கள். நான்காவதாக ஒரு சிறுமி. முகத்திலும் கையிலும் வண்ணமே இல்லை. "இது யாரம்மா?" என்றேன். "நான்தான் டீச்சர்." "ஏன் வண்ணம் அடிக்கவில்லை?" சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: "எனக்கு அந்தக் கலர் இல்ல டீச்சர். கறுப்பு அடிச்சா அசிங்கமா இருக்கும்."

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை. இதை அவளுக்கு யாரும் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள். விளம்பரப் பலகை, தொலைக்காட்சித் தொடர், உறவினர் வீட்டுக் கேலி, "வெயிலில் விளையாடாதே, கறுத்துப் போவாய்" என்ற அன்றாடப் பேச்சு என எல்லாம் சேர்ந்து அவள் கையில் ஒரு பென்சிலாக வந்து நின்றிருக்கின்றன. இரண்டு மலைகளை வரையும் பழக்கம் எனக்கு ஏன் கவலை தருகிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா? காரணம் இதுதான். கண்ணெதிரே உள்ளதைப் பார்க்காமல், பிறர் சொன்னதை வரையப் பழகிய பிள்ளை, கடைசியில் தன் கையையே பார்க்காமல் போகிறது.

அடுத்த வாரம் எல்லாருடைய வண்ணப் பென்சில்களையும் பைக்குள் வைக்கச் சொன்னேன். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு நீர்வண்ணங்கள் மட்டும் மேசைமேல். "உன் கையின் நிறத்தை நீயே செய்" என்பதே பாடம். சிவப்பும் மஞ்சளும் கலந்தால் செம்மஞ்சள். அதில் நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பழுப்பு. மஞ்சள் கூடினால் கோதுமை நிறம், நீலம் கூடினால் அடர்பழுப்பு, வெள்ளை ஒரு துளி சேர்ந்தால் இளம்பழுப்பு. கலந்ததைப் புறங்கையில் ஒரு பொட்டாக வைத்துப் பார்க்க வேண்டும். பொட்டு தெரியாமல் மறைந்துவிட்டால் நிறம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

அன்றைக்கு வகுப்பில் இருந்த ஆரவாரத்தை எப்படிச் சொல்வது! ஒருவன் கையை இன்னொருவன் பிடித்துப் பார்க்கிறான். "உள்ளங்கை வேற கலர், வெளிக்கை வேற கலர் டீச்சர்!" என்று ஒருத்தி கண்டுபிடிக்கிறாள். முப்பது பேருக்கு முப்பது நிறங்கள் வந்தன. ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. தாங்கள் செய்த நிறத்துக்குப் பெயரிடச் சொன்னேன். மைலோ, தே தாரிக், காப்பி, பேரீச்சம்பழம், குலா மெலாக்கா, புளி என்றெல்லாம் பெயர்கள் வந்தன. முந்தைய வாரம் வண்ணமின்றி விட்ட மாணவி தன் நிறத்துக்குக் 'கறுப்புக் காப்பி' என்று பெயர் வைத்தாள். தன் படத்தை எடுத்து, விட்ட இடத்தை நிரப்பினாள். பிறகு, நான் கேட்காமலேயே அம்மாவின் முகத்தின்மேலும் அதே வண்ணத்தைத் தீட்டினாள்.

பள்ளி வளாகத்து மாமரம் அந்நேரம் தளிர்விட்டிருந்தது. ஒரு கொத்துத் தளிரைக் கொண்டுவந்து காட்டினேன். செம்பும் பழுப்பும் கலந்து பளபளக்கும் அந்த நிறத்தைப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நம் சங்கப் புலவர்கள் பெண்ணின் மேனியழகைச் சொல்ல 'மாமை' என்றொரு சொல்லை வைத்திருந்தார்கள். மாந்தளிர் போன்ற நிறம் என்று அதற்கு உரை சொல்வார்கள். இன்று நாம் வழங்கும் 'மாநிறம்' என்ற சொல்லையும் அதன் அருகில் வைத்துக் காட்டினேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மொழி இந்த நிறத்தைப் பார்த்திருக்கிறது, அழகு என்று சொல்லியும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் வண்ணப் பெட்டியில்தான் அதற்கு இடமில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கிரையோலா நிறுவனமும் ஒரு வண்ணக்கோலுக்குச் 'சதை நிறம்' என்று பெயரிட்டிருந்தது. 1962-இல் அந்தப் பெயரைக் கைவிட்டுப் 'பீச்' பழத்தின் பெயரைச் சூட்டியது. 2020-இல் மனித மேனியின் 24 நிறங்களைக் கொண்ட தனிப் பெட்டியையே வெளியிட்டது. அந்தப் பெட்டியை வாங்கினால்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. நான்கு வண்ணப் புட்டிகளும் பிள்ளையின் புறங்கையும் போதும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. அது இருந்த நாள்களில், ஆறாம் ஆண்டில் கலைக்கல்விப் பாடவேளை பெரும்பாலும் கணிதத்துக்கோ அறிவியலுக்கோ கடன் கொடுக்கப்பட்டது. அந்தக் கடன் திரும்பி வந்ததே இல்லை. தேர்வு போன பின்னும் பழக்கம் முழுமையாகப் போகவில்லை. ஆகவே என் வேண்டுகோள்கள் சில:

1. கலைக்கல்விக்கு அட்டவணையில் உள்ள நேரத்தைக் கலைக்கல்விக்கே கொடுப்போம். வாரத்தில் அந்தச் சிறு நேரத்தில்தான், சரியான விடை ஒன்றே என்ற அச்சமின்றிப் பிள்ளை அமர்கிறது.

2. கரும்பலகையில் படம் வரைந்து பார்த்தெழுதச் செய்வதைத் தவிர்ப்போம். பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்போம். செய்முறையை மட்டும் காட்டுவோம்.

3. "அழகாக இருக்கிறது" என்று சொல்லி நகர்வதைவிட, "இதைப் பற்றிச் சொல்" என்று கேட்போம். பிள்ளை பேசட்டும். நல்ல தமிழில் பேச அதைவிட வேறு வாய்ப்பு வேண்டுமா?

4. பெற்றோரே, உங்கள் பிள்ளை வரைந்த படத்தில் கை நீளமாகவும் தலை பெரிதாகவும் இருந்தால் சிரிக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். பரிசு வாங்கிய படத்தோடு ஒப்பிடவும் வேண்டாம். ஒரு வாரத்துக்கு அதைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

5. அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸுக்கோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ பொருள் வாங்கச் செல்லும்போது, பூக்கடை முன் ஐந்து நிமிடம் பிள்ளையோடு நில்லுங்கள். மாலை கட்டுபவரின் விரல்கள் நாரை எப்படிச் சுற்றுகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளைக் கொடுங்கள்.

6. கடையில் வண்ணப் பென்சில் வாங்கும்போது பிள்ளை 'தோல் கலர்' கேட்டால், "யாருடைய தோல்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். விடையைப் பிள்ளையே தேடிக்கொள்ளும்.

"ஓவியம் சோறு போடுமா?" என்று பெற்றோர் ஒருவர் ஒருமுறை என்னிடம் கேட்டார். சினத்தோடு கேட்கவில்லை, தம் மகனின் எதிர்காலத்தை எண்ணிய உண்மையான கவலை அது. போடலாம், போடாமலும் இருக்கலாம் என்றே அவருக்கு விடை சொன்னேன். ஆனால் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, அதற்குரிய வண்ணத்தைத் தயங்காமல் எடுக்கும் பிள்ளை, எந்த வேலைக்குப் போனாலும் நிமிர்ந்து நிற்கும். அதற்கான பயிற்சியைத் தொடக்கப்பள்ளியில் நாம் கொடுக்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும்.